அம்மாவோட டென்ஷன் மாத்திரையை எப்படி நிறுத்துறது: நாங்க பார்த்த வழிகள், எது ஒத்து வந்துச்சு

அப்பா தவறினப்ப அம்மாவுக்கு 57 வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட, தூக்கமே வரல நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு பக்கத்து தெரு கிளினிக்ல போய் சொல்ல, அங்க ஒரு சின்ன மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அல்பிரசோலம் 0.25, ராத்திரி ஒண்ணு, பத்து நாளைக்கு. அந்த பத்து நாள் ஆறு வருஷமா நீண்டு போச்சு. 0.25 ஒரு வருஷத்துல 0.5 ஆச்சு, அப்புறம் பகல்ல ஒரு மாதிரி இருக்குன்னு காலையிலயும் ஒரு 0.5 சேர்ந்துச்சு. சீட்டு எப்பவோ கிழிஞ்சு போயிருச்சு, ஆனா மெடிக்கல்ல காலி அட்டையை நீட்டினா புது அட்டை வந்துரும். அம்மாவுக்கு அது பேர் கூட தெரியாது, கேட்டா "டென்ஷன் மாத்திரைடி" அவ்வளவுதான்.

இதை நிறுத்தணும்னு வீட்ல முடிவு பண்ணினப்ப ஆளாளுக்கு ஒரு வழி சொன்னாங்க. அண்ணன் ஒண்ணு, சித்தி ஒண்ணு, மாமா ஒண்ணு, பார்த்த மூணு டாக்டரும் மூணு விதம். பதினாலு மாசம் அலைஞ்சு, படிச்சு, ரெண்டு தடவை தப்பும் பண்ணினதுக்கு அப்புறம்தான் எந்த வழி யாருக்கு ஒத்து வரும்னு எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு, அதைத்தான் எழுதுறேன். மருந்து அளவு எல்லாம் அம்மாவுக்கு டாக்டர் போட்டது, உங்க வீட்ல இருக்குறவங்களுக்கு அதை அப்படியே போட்டுப் பார்த்துராதீங்க, உடம்புக்கு உடம்பு மாறும்.

முதல்ல ஒரு விஷயம். அம்மா போதைக்கு அடிமை இல்ல. அவங்க ஜாலிக்காக ஒரு மாத்திரை கூட போட்டதில்ல, சொன்ன மாதிரி போட்டாங்க, அவ்வளவுதான். அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம், எட்டிசோலம் எல்லாம் ஒரே வேலை பாக்குற மாத்திரைங்க. நம்ம மூளையில காபான்னு ஒரு ரசாயனம், நரம்புங்க ஓவரா துள்ளாம அடக்கி வைக்கிறது அதோட வேலை. மாத்திரை அந்த காபாவுக்கு பலம் குடுக்குது. மாசக்கணக்குல வெளியில இருந்தே பலம் வந்துட்டு இருந்தா மூளை தன்னோட சொந்த ஏற்பாட்டை சுருக்கிக்குது, அதனாலதான் பழைய அளவு பத்தாம போகுது, அதனாலதான் திடீர்னு நிறுத்தினா அடக்க ஆளே இல்லாம நரம்பெல்லாம் ஒண்ணா எகிறுது. ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கும் இது வரும். இந்த வகை மாத்திரை 1960ல முதல்ல விற்பனைக்கு வந்துச்சு, டயசெபாம் 1963ல, பிரிட்டன்ல 1988லயே மருந்து பாதுகாப்புக் குழு ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல குடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க, அமெரிக்காவுல 2020ல மருந்து கட்டுப்பாட்டு துறை இந்த வகை எல்லாத்துக்கும் மருந்துக் குறிப்புல கட்டம் கட்டிப் போடுற எச்சரிக்கையில உடம்பு பழகிப்போறதையும் நிறுத்துறப்ப வர்ற பிரச்சனையையும் சேர்த்தாங்க. அம்மா ஆறு வருஷம் சாப்பிட்டாங்க, ஒருத்தர் கூட ஒரு வார்த்தை சொல்லல. அதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கொதிக்குது.

சரி, வழிகளுக்கு வர்றேன்.

அண்ணன் சொன்னது ஒரேயடியா நிறுத்துறது. அவன் சென்னையில இருக்கான், அம்மா அங்க போயிருந்தப்ப அட்டையை எடுத்து ஒளிச்சு வச்சுட்டான், ரெண்டு நாள் கஷ்டப்படுவாங்க அப்புறம் சரியாயிடும்னு. பாசத்துல பண்ணினதுதான், சிகரெட்டை அவன் அப்படித்தான் விட்டான். முதல் ராத்திரி தூக்கம் இல்ல. ரெண்டாம் நாள் கை நடுக்கம், வேர்த்து ஊத்துது, டம்ளர் கீழ வைக்கிற சத்தம் கூட தாங்க முடியாம காதைப் பொத்திக்கிறாங்க. மூணாம் நாள் பிரஷர் ஏறி நெஞ்சு அடைக்குதுன்னு கேசுவால்டிக்கு தூக்கிட்டு ஓடினாங்க, ஈசிஜி நார்மல், ரத்த டெஸ்ட் நார்மல், கேஸ் டிரபிளா இருக்கும்னு அனுப்பப் பார்த்தாங்க. கடைசியா ஒரு சின்ன வயசு டூட்டி டாக்டர் பொண்ணுதான் "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க, எதையாவது நிறுத்தினீங்களா"ன்னு கேட்டுச்சு. அந்த கேள்விதான் அம்மாவைக் காப்பாத்துச்சுன்னு நான் நம்புறேன், ஏன்னா இந்த மாத்திரையை திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், புத்தி தடுமாறி யார் என்னன்னு தெரியாம போகலாம், உயிரே போகலாம். சிகரெட்டை விடுறது கஷ்டம், ஆனா விட்டதால யாருக்கும் வலிப்பு வராது. மதுவும் இந்த மாத்திரையும் அப்படி இல்ல.

அதுலயும் அல்பிரசோலம் இன்னும் மோசம். அது உடம்பை விட்டு சீக்கிரம் இறங்கிரும், சராசரியா 11 மணி நேரத்துல பாதி போயிரும், வயசானவங்களுக்கு 16 மணி நேரம் வாக்குல. அதனால நிறுத்தின மறுநாளே ஆட்டம் ஆரம்பிச்சுரும். டயசெபாம் மெதுவா, நாள்கணக்குல இறங்கும், அதை நிறுத்தினவங்களுக்கு ஒரு வாரம் ஒண்ணும் இருக்காது, அப்புறம்தான் வரும், அந்த ஒரு வாரத்தைப் பார்த்து தப்பிச்சுட்டோம்னு நினைக்கிறவங்க உண்டு. ஆக ஒரேயடியா நிறுத்துறதை இந்த ஒப்பீட்டுல ஒரு வழியாவே நான் கணக்குல எடுக்கல. யாராவது அப்படி நிறுத்தி ஃபிட்ஸ் வந்தா, இல்லாததை பார்க்கிறேன் கேட்கிறேன்னு சொன்னா, உடனே 108தான்.

சித்தி சொன்னது அஸ்வகந்தா சூரணம், ராத்திரி ஜாதிக்காய் போட்ட பால், யோகா. யோகா நல்லது, அம்மா இப்பவும் மூச்சுப்பயிற்சி பண்றாங்க. ஆனா சுருங்கிப் போன காபா ஏற்பாட்டோட இடத்தை சூரணத்தால நிரப்ப முடியாது. சூரணத்தை ஆரம்பிச்சுட்டு மாத்திரையை விட்டுட்டா அது பேர் மாத்தின ஒரேயடி நிறுத்தல்தான். இதே தப்பை இங்கிலீஷ் மருந்துலயும் பண்ணலாம். நாங்க பார்த்த முதல் டாக்டர் அல்பிரசோலத்தை விட்டுட்டு சோல்பிடெம் போடுங்க, அது வெறும் தூக்க மாத்திரைன்னாரு. அதுவும் அதே காபா வாசல்லதான் போய் நிக்குது. எட்டிசோலமும் அப்படித்தான். பேர் மாறும், பழக்கம் அப்படியே இருக்கும்.

மாமா சொன்னதுல நியாயம் இருக்கு, அதனால அதை அவசரமா தள்ள மாட்டேன். "அக்காவுக்கு 63 வயசாச்சு, நிம்மதியா தூங்குது, எதுக்கு இந்த வயசுல போட்டு வதைக்கிறீங்க, இருந்துட்டுப் போகட்டும்"னாரு. உண்மையிலயே சிலருக்கு முழுசா நிறுத்துறது முக்கியம் இல்ல, பாதியா குறைச்சு அங்கயே நிக்கிறதும் லாபம்தான், எங்க டாக்டரும் அதைச் சொன்னாங்க. ஆனா இருக்குற அளவுலயே தொடர்றதுக்கும் ஒரு விலை இருக்கு. வயசானவங்க இந்த மாத்திரையில இருந்தா ராத்திரி பாத்ரூம் போறப்ப தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு உடையறது நடக்குது, மறதி கூடுது, அதனாலதான் முதியோருக்கு தவிர்க்க வேண்டிய மருந்துப் பட்டியல்ல இது இருக்கு. அம்மா ஏற்கெனவே ஒரு தடவை வாசப்படியில விழுந்திருந்தாங்க. அதோட நாளைக்கு முட்டி வலி ஆபரேஷன்னு டிரமடால் மாதிரி மாத்திரை குடுத்தா ரெண்டும் சேர்ந்து மூச்சையே அடக்கிரும், பூஞ்சைக்கு குடுக்குற கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரை சேர்ந்தா அல்பிரசோலம் ரத்தத்துல தாறுமாறா ஏறும். அப்புறம், அம்மாவுக்கு அது நல்லாவும் வேலை செய்யல. மத்தியானம் மூணு மணி ஆனா காரணமே இல்லாம பயம் வரும், யாராவது வாசல்ல கூப்பிட்டா திடுக்குனு எந்திரிப்பாங்க. அது நோய் இல்ல, காலையில போட்ட மாத்திரை இறங்குற நேரம்னு எங்களுக்கு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. நிம்மதிக்காக போடுற மாத்திரைதான் தினமும் மூணு மணிக்கு நிம்மதியைக் கெடுத்துட்டு இருந்துச்சு. அதனால மாமா வழி வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.

மிச்சம் இருந்தது படிப்படியா குறைக்கிறது. அதுலதான் உண்மையான ஒப்பீடே இருக்கு, ஏன்னா அதுலயே ரெண்டு மூணு ரகம்.

அதே அல்பிரசோலத்தையே கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக் குறைக்கலாம். ஒரு ஜி.எச். மனநலப் பிரிவு டாக்டரம்மா இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. முதல்ல ஒரு பொடி கூட குறைக்கல, ஒரு நாளுக்கான 1 மில்லிகிராமையும் காலை, மத்தியானம், ராத்திரின்னு பிரிச்சாங்க, அதுலயே அந்த மூணு மணி பயம் பாதி போச்சு. அப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை 0.125, அதாவது 0.25 மாத்திரையில பாதி. ஒரு தடவைக்கு 5ல இருந்து 10 சதவீதம், ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்காங்கிறதுதான் இப்ப அமெரிக்க மருத்துவ சங்கங்க சேர்ந்து 2025ல போட்ட வழிகாட்டுதல், ரெண்டு வாரத்துல 25 சதவீதத்துக்கு மேல போகவே கூடாதுங்கிறாங்க. இந்த வழியில நல்லது என்னன்னா புது மருந்து எதுவும் இல்ல, பழகின மாத்திரை, குழப்பம் இல்ல. கெட்டது கீழ வர வரத்தான் தெரியும். 1 மில்லிகிராம்ல இருந்து 0.125 எடுத்தா எட்டுல ஒரு பங்கு, தாங்கிக்கலாம். 0.5ல இருந்து அதே 0.125 எடுத்தா நாலுல ஒரு பங்கு. 0.25ல இருந்து எடுத்தா பாதி! வெட்டுறது ஒரே அளவு துண்டுதான், ஆனா உடம்புக்கு ஒவ்வொரு தடவையும் அடி பெருசா விழுது. அதை விட சின்னதா வெட்ட மாத்திரையே இல்ல, பிளேடு வச்சு நாலா கீறினா ஒரு துண்டு பெருசு ஒரு துண்டு தூளு.

அம்மா 0.5 வரைக்கும் நல்லாத்தான் வந்தாங்க. 0.375க்கு போனதும் தூக்கம் போச்சு, தலைக்குள்ள கரண்ட் ஓடுற மாதிரி இருக்குங்கிறாங்க, சோறு இறங்கல. நான் பயந்து போய் அவங்களை திட்டிட்டேன், மனசை தைரியமா வச்சுக்கோங்கன்னு. இது மனசு விஷயம் இல்ல, கணக்கு விஷயம்னு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கு உறைச்சுச்சு. திரும்ப 0.5க்கு போயி ஒரு மாசம் அப்படியே நின்னோம்.

அப்பத்தான் அடுத்த ரகம், நீண்ட நேரம் நிக்கிற மாத்திரைக்கு மாறி அதைக் குறைக்கிறது. இங்கிலாந்துல நியூகாசில்ல ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியர் 1982ல இருந்து 1994 வரைக்கும் இதுக்குன்னே கிளினிக் நடத்தினாங்க, டயசெபாமுக்கு மாறி குறைக்கிற முறையை எழுதி வச்சது அவங்கதான், அவங்க பட்டியல்ல அல்பிரசோலம் 0.5க்கு டயசெபாம் 10 மில்லிகிராம் சமம். இதுல ரெண்டு வசதி. ஒண்ணு, டயசெபாம் மெதுவா இறங்குறதால ரெண்டு மாத்திரைக்கு நடுவுல வர்ற அந்த பள்ளம் இல்ல. ரெண்டு, 2 மில்லிகிராம் மாத்திரை இருக்கு, அதுல பாதி 1, அதாவது அல்பிரசோலக் கணக்குல வெறும் 0.05. எவ்வளவு சின்ன படி பாருங்க! கீழ வர வர இந்த சின்ன படிதான் உயிர்நாடி.

ஆனா இதுலயும் வில்லங்கம் இருக்கு. வயசானவங்க உடம்புல டயசெபாம் சேர்ந்துக்கிட்டே போகும், பகல்ல தூங்கி வழிவாங்க, விழற ஆபத்து முதல் ரெண்டு வாரம் கூடவே இருக்கும். ஈரல் கோளாறு இருந்தா இது சரிப்படாது, சில டாக்டருங்க அந்த மாதிரி ஆளுங்களுக்கு லோரசெபாம்லயே குறைப்பாங்க. சிலர் குளோனசெபாம் போடுவாங்க, அதுவும் நீண்ட நேரம் நிக்கும், எல்லா கடையிலயும் கிடைக்கும், ஆனா 0.25 குளோனசெபாம் அந்தப் பட்டியல்படி டயசெபாம் 5க்கு சமம், அதனால கடைசிப் படி திரும்ப பெருசாயிடும். எங்க டாக்டரம்மா பட்டியல்ல இருக்குற 10ஐ அப்படியே போடல, அம்மா வயசைப் பார்த்து 8 போட்டாங்க, அதையும் ராத்திரி மாத்திரையை முதல்ல மாத்தி, ஒரு வாரம் பார்த்து, அப்புறம் பகல் மாத்திரையை மாத்தினாங்க. நாங்க பாத்ரூம் வழியில ராத்திரி லைட் போட்டோம், சுவத்துல ஒரு கைப்பிடி அடிச்சோம், காலையில நான் இல்லாம மாடிப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லி வச்சோம். முதல் பத்து நாள் மந்தமா இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் மூணு மணிக்கு திண்ணையில உக்காந்து பூ கட்டிட்டு இருந்தாங்க, பயம் வரலியான்னு கேட்டேன், "மணி மூணாயிருச்சா?"ன்னாங்க.

ஆஸ்பத்திரியில சேர்த்து குறைக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு. எங்களுக்கு அது தேவைப்படல, ஆனா சிலருக்கு அதுதான் சரி: முன்னாடி ஃபிட்ஸ் வந்தவங்க, கூடவே குடிக்கிறவங்க, வலிக்கு ஓபியாய்டு மருந்து (டிரமடால் மாதிரி) எடுக்கிறவங்க, ஒரு நாளைக்கு அட்டை அட்டையா போடுறவங்க, தற்கொலை எண்ணம் இருக்குறவங்க. கர்ப்பமா இருக்குறவங்க வீட்ல தானா எதையும் குறைக்கவே கூடாது. ஒரே எச்சரிக்கை, ரெண்டு வாரத்துல முழுசா நிறுத்தி அனுப்புறோம்னு சொல்ற இடமா இருந்தா கேள்வி கேளுங்க. ஆறு வருஷப் பழக்கம் ரெண்டு வாரத்துல இறங்காது. அட்மிஷன் ஆபத்தான கட்டத்தைத் தாண்டத்தான், மிச்ச இறக்கம் வீட்டுக்கு வந்தும் இருக்கும்.

இதுல எந்த வழியை எடுத்தாலும் கூட ஒண்ணு வேணும், அது மாத்திரை எதுக்கு ஆரம்பிச்சோமோ அந்தப் பதட்டத்துக்கான வைத்தியம். பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் குடுக்குற எஸ்சிட்டலோபிராம் மாதிரி மாத்திரைங்க வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும், ஆரம்பத்துல கொஞ்சம் படபடப்பை கூட்டவும் செய்யும், அதனால அதை முதல்ல நிலைப்படுத்திட்டு அப்புறம் குறைக்க ஆரம்பிக்கிறது பல டாக்டருங்க வழக்கம். ஆனா இது நம்ம மாத்திரையோட இடத்துல உக்காராது, வித்ட்ராவலை, அதாவது நிறுத்துறப்ப வர்ற பிரச்சனையைத் தடுக்காது, இதைத் தெரியாம இது இருக்கேன்னு அதை விட்டவங்க மாட்டிக்கிறாங்க. இன்னொரு கொடுமை, நம்ம ஊர்ல எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையா சேர்ந்து வருது. அதே மாதிரி வயித்துக் கோளாறுக்குன்னு குடுக்குற சில மாத்திரையில இதே வகையைச் சேர்ந்த குளோர்டயசெபாக்சைடு கலந்திருக்கு. அட்டையைத் திருப்பி பொடி எழுத்துல இருக்குற பேரைப் படிங்க, ப்ளீஸ்.

மாத்திரை இல்லாத வைத்தியம் சிபிடி, நம்ம பயத்தையும் தூக்கத்தையும் பத்தின நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு வைத்தியம். மாத்திரை குறைக்கிறதோட இதுவும் சேர்ந்தா முழுசா நிறுத்துறவங்க அதிகமாகுறாங்கன்னு ஆய்வுகள் சொல்லுது, முதல் மூணு மாசத்துல அந்தப் பலன் தெளிவா தெரியுது. அம்மாவுக்கு உதவினது தூக்கத்துக்கான பகுதிதான்: தூக்கம் வந்தாத்தான் படுக்கைக்குப் போறது, எவ்வளவு மோசமா தூங்கினாலும் ஆறு மணிக்கு எந்திரிச்சுடுறது, மத்தியானத் தூக்கத்தை விடுறது. முதல் ரெண்டு வாரம் என்னைத் திட்டிக்கிட்டேதான் எந்திரிச்சாங்க.

எந்த வழி நல்லதுங்கிறதை விட, யார் கையில வேகம் இருக்குதுங்கிறதுதான் பெரிய வித்தியாசம்னு நான் நினைக்கிறேன். கனடாவுல 2014ல வெளியான ஒரு ஆய்வு, 65 வயசுக்கு மேல இந்த மாத்திரை சாப்பிடுற 303 பேர்ல ஒரு பாதிக்கு இந்த மாத்திரை என்ன பண்ணும், எப்படி மெதுவா குறைக்கணும்னு ஒரு சின்ன கையேடு குடுத்தாங்க, அவ்வளவுதான். ஆறு மாசத்துல கையேடு வாங்கினவங்கள்ல 27 சதவீதம் பேர் நிறுத்திட்டாங்க, வாங்காதவங்கள்ல 5 சதவீதம். அண்ணன் அட்டையை ஒளிச்சப்ப அம்மாவுக்கு ஏன்னே தெரியாது. இப்ப தினசரி காலண்டர் தாள்ல என்னைக்கு எவ்வளவு, எப்படி தூங்கினேன்னு அவங்களே பென்சில்ல எழுதுறாங்க, இந்த மாசம் குறைக்க வேண்டாம் பேரன் காதுகுத்து இருக்குன்னு அவங்களே நிறுத்தி வச்சாங்க, டாக்டரம்மாவும் சரின்னாங்க. ஒரு படியில நிக்கிறது தப்பே இல்ல, முடிஞ்சவரை பின்னாடி ஏறாம இருந்தா போதும். இப்ப டயசெபாம் 3 மில்லிகிராம்ல இருக்காங்க.

இந்த வழிகளை யோசிக்கிறவங்க எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, ஜி.எச். மனநலப் பிரிவு இருக்கு, மாவட்ட மனநலத் திட்ட டாக்டருங்க இருக்காங்க, டெலிமானஸ்னு அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணினா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. போறப்ப பழைய சீட்டு எல்லாம், காலி அட்டைங்க, எந்த மாத்திரை எத்தனை மணிக்குன்னு எழுதின தாள், வயித்து மாத்திரை தூக்க மாத்திரை உட்பட எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கடைசியா மாத்திரை கைவசம் இருக்குதாங்கிறதைப் பாருங்க. அல்பிரசோலம், டயசெபாம், நைட்ராசெபாம், சோல்பிடெம் எல்லாம் ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து, 2014 மார்ச்ல இருந்து மெடிக்கல்ல தனி ரிஜிஸ்டர்ல டாக்டர் பேர், நோயாளி பேர், எவ்வளவு குடுத்தோம்னு எழுதி மூணு வருஷம் வைக்கணும்னு சட்டம். அது சரியான சட்டம், ஆறு வருஷம் முன்னாடி அதை யாராவது மதிச்சிருந்தா நாங்க இங்க வந்திருக்க மாட்டோம். ஆனா குறைச்சுட்டு வர்ற ஆளுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திரை தீர்ந்து, சீட்டும் இல்லாம நின்னா அது ஒரேயடி நிறுத்தல் ஆயிடும். டயசெபாம் 2 எங்க ஊர்ல எல்லா கடையிலயும் இருக்காது, அதனால பத்து நாளைக்கு உள்ளது மிச்சம் இருக்கும்போதே சீட்டைப் புதுப்பிச்சு வாங்கிடுறோம், ஊருக்குப் போனா பாதி அம்மா கைப்பையில, பாதி என் பையில.